தூண்டிலில் அகப்பட்ட மீனைக் கையாளும் முறை

பருவ மழை பெய்து ஏரி குளங்கள் நிறைந்தவுடன், கரையோரங்களில் தூண்டிலும் கையுமாக அமர்வோர் தொகை பெருகுவது கிராமங்களில் வழக்கம். குடியானவர் வீட்டுச் சிறுவரும், விடுமுறைக்குப் பட்டணத்திலிருந்து வந்த இளைஞரும் அவர்களுள் பலர். மீனைப் பிடிக்கும் சாமர்த்தியத்தைக் கற்க விரும்புவோர் அநேகர். பிடித்த மீனை என்ன செய்வது என்பதைக் கற்றவர் சிலரே. ஆகையால், சமைப்பதற்கு உதவாத சிறு மீன்கள் கரை மணலில் வெகுநேரம் துள்ளிக் கிடந்த பின்னர், அரை உயிராய் நீரில் எறியப்படுகின்றன. எறிந்தவர் தாம் ஓர் உயிரைக் காத்ததாக எண்ணி மகிழ்கிறார். மீனோ அன்றிரவே மாண்டுபோகிறது. அது ஏரிக்கும் ஆகவில்லை, உலைக்கும் ஆகவில்லை.

இந்நஷ்டம் அற்பமென்று தள்ளத்தக்கதன்று. ஊர்ப் பொது ஏரிகளின் மீன்பாசி ஏலத்தினால் வரும் தொகை ஊரின் பொது வருமானங்களுள் ஒன்று. சொந்தப் பண்ணைக் குட்டையில் குஞ்சு விட்டு வளர்ப்பவருக்கோ ஒவ்வொரு மீனும் பணங்கொடுத்து வாங்கியதாகும். கட்லா, ரோகு, மிருகால் என்னும் பெருங்கெண்டை இனங்கள் ஓட்டமுள்ள ஆற்று நீரில் இயல்பாய் முட்டையிடுமேயன்றி, தேங்கிய குளத்தில் இடுவதில்லை. 1957-ஆம் வருடத்தில் ஹீராலால் சௌத்ரி என்னும் அறிஞர் ஒரிஸ்ஸாவில் சுரப்பிச் சத்தை ஊசிமூலம் செலுத்தி இவ்வினங்களை முட்டையிடச் செய்த பிறகே, பண்ணைகளில் குஞ்சுகள் ஏராளமாய்க் கிடைக்கலாயின. எனவே, ஏரியில் விட்ட கட்லாக் குஞ்சு ஒன்று வீணானால், அதனிடத்தை நிரப்ப அவ்வேரியில் வேறொன்று பிறக்கப் போவதில்லை.

முற்காலத்துப் பெருமையும் இக்காலத்து எச்சரிக்கையும்

தூண்டில் மீன்பிடிப்பைப் பற்றிச் சென்னை மாகாணத்தில் விரிவாய் எழுதியவர் ஹென்றி சல்லிவன் தாமஸ் என்னும் சிவில் உத்தியோகஸ்தர் ஆவர். இந்தியாவின் தூண்டில் மீன்பிடிப்பைக் குறித்து 1873-ஆம் வருடத்திலும், ஏரி குளங்களில் தூண்டிலிடுவதைக் குறித்து 1887-ஆம் வருடத்திலும் அவருடைய நூல்கள் வெளிவந்தன. அக்காலத்தில் பெரிய மீனைக் கரை சேர்ப்பதே பெருமையாகக் கருதப்பட்டது. காவிரியின் உபநதியாகிய கபினியில் 1946-ஆம் வருடத்தில் 120 பவுண்டு எடையுள்ள மகசீர் மீன் ஒன்று தூண்டிலில் பிடிபட்டது.

காவிரிக்கே உரிய திமிலுள்ள அந்த மகசீர் இனம், 2018-ஆம் வருடத்தில், அடியோடு அழியும் அபாயத்திலுள்ள உயிர்களின் உலகப் பட்டியலில் சேர்க்கப்பட்டது. அணைகளால் ஆற்றோட்டம் மாறியமையும், வேற்றின மகசீர்களை ஆற்றில் விட்டமையும், வெடிவைத்துப் பிடித்தமையும் இந்நிலைக்குக் காரணங்களாம். வற்றாதது என்று எண்ணிய செல்வமும் வற்றும் என்பதை இது தெளிவாய்க் காட்டுகிறது.

விடப்பட்ட மீன் ஏன் இறக்கிறது?

மீன் தன் செவுள்களின் வழியே நீரில் கரைந்துள்ள பிராணவாயுவை உட்கொள்ளுகிறது. செவுளின் மெல்லிய இழைகள் நீரில் விரிந்து நிற்கும். வெளியில் எடுத்தவுடன் ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்ளும். தூண்டிலில் அகப்பட்டுப் போராடிய மீன், வெகுதூரம் ஓடிக் களைத்தவனைப் போன்றது. மூச்சு மிகுதியாய் வேண்டிய அத்தருணத்தில் அதை வெளியில் தூக்கிப் பிடிப்பது, ஓடி வந்தவனுடைய மூக்கையும் வாயையும் பொத்துவதை ஒக்கும்.

இதனைக் கனடா தேசத்து அறிஞர்களான ஃபெர்குசன், டஃப்ட்ஸ் என்னும் இருவர் வானவில் டிரவுட் மீன்களைக் கொண்டு சோதித்து, 1992-ஆம் வருடத்தில் முடிவை வெளியிட்டனர். களைக்கும்வரை நீந்தச் செய்து நீரிலேயே விடப்பட்டவற்றுள் 100-க்கு 12 இறந்தன. அவ்வாறு களைத்தபின் 30 விநாடி வெளியில் வைக்கப்பட்டவற்றுள் 100-க்கு 38 இறந்தன. 60 விநாடி வைக்கப்பட்டவற்றுள் 100-க்கு 72 இறந்தன. டிரவுட் குளிர்நீர் மீனாகையால் இக்கணக்கு நம் கெண்டைக்கு அப்படியே பொருந்தும் என்று கொள்ளலாகாது. ஆயினும், நீந்திச் சென்ற மீன் யாவும் பிழைத்த மீன் ஆகாது என்பதும், வெளியிலிருக்கும் ஒவ்வொரு விநாடியும் கணக்கில் ஏறுகிறது என்பதும் இதனால் விளங்கும்.

கோடைக்காலத்தில் அபாயம் இன்னும் அதிகம். 20 டிகிரி வெப்பமுள்ள ஒரு லிட்டர் நல்ல நீரில் சுமார் 9 மில்லிகிராம் பிராணவாயு கரைந்திருக்கக் கூடும். 30 டிகிரி நீரில் சுமார் ஏழரை மில்லிகிராமே தங்கும். பாசி மிகுந்த குளங்களில் விடியற்காலையில் இது மேலும் குறைந்துவிடும்.

மேலும், மீனின் உடல்மீதுள்ள வழும்பு வெறும் அழுக்கன்று. பூசணமும் கிருமிகளும் அணுகாதவாறு காக்கும் கவசம் அதுவே. உலர்ந்த கையும், துணியும், மணலும் அதைத் துடைத்துவிடும். அவ்விடத்தில் சில நாட்களில் பஞ்சுபோன்ற பூசணம் படர்ந்து மீன் இறப்பதுண்டு.

கைக்கொள்ள வேண்டிய முறைகள்

1. தூண்டில் போடுமுன்னரே, எவ்வகை மீனை வீட்டிற்குக் கொண்டுபோவது, எதைத் திருப்பி விடுவது என்று தீர்மானித்துக்கொள்ள வேண்டும். மீன் துள்ளும்போது யோசிப்பது கூடாது.

2. முள்ளின் நுனிக்குச் சற்றுக் கீழே பின்னோக்கி நிற்கும் சிறு கூரைக் குறட்டால் நசுக்கிவிட்டால், முள் சுலபமாய்க் கழலும். நரம்பைத் தளரவிடாமல் இழுப்பவருக்கு இதனால் மீன் தப்புவது அரிது.

3. மீனை மிகவும் களைக்கும்படி விளையாட்டுக் காட்டாமல், விரைவில் கரைசேர்க்க வேண்டும். மெல்லிய நரம்பில் பெரிய மீனை இழுத்தடிப்பது திறமையாகாது.

4. கையை முதலில் நீரில் நனைத்துக்கொள்க. கூடியவரையில் மீனை நீருக்குள்ளேயே வைத்து முள்ளைக் கழற்றுக. வெளியில் எடுத்தே தீரவேண்டுமாயின், மனத்துள் 10 எண்ணுவதற்குள் மீண்டும் நீரில் இறக்கிவிட வேண்டும்.

5. செவுளுக்குள் விரலை நுழைத்துத் தூக்குவதும், வயிற்றை அழுத்துவதும், நரம்பிலேயே தொங்கவிடுவதும் தகாதன. ஒரு கை வாலடியிலும் மற்றொரு கை வயிற்றின் கீழுமாகப் படுக்கை நிலையில் தாங்குக. கெளுத்தியின் முதுகிலும் இரு பக்கங்களிலும் உள்ள முட்கள் குத்தினால் கடுப்பெடுக்கும். அவற்றை விலக்கிப் பிடிக்க வேண்டும்.

6. முள்ளைத் தொண்டைக்குக் கீழே விழுங்கிவிட்ட மீனிடத்தில், அதைப் பிடுங்க முயலலாகாது. வாயருகே நரம்பை அறுத்து விடுக. பிடுங்குவதால் உண்டாகும் புண்ணைவிட, உள்ளே தங்கிய முள்ளால் விளையும் தீங்கு குறைவு.

7. மீனை எறியாமல், நீருக்குள் நிமிர்த்திப் பிடித்து, செவுள் சீராய் அசைந்து அது தானே கையைவிட்டு நழுவும்வரை காத்திருக்க வேண்டும்.

திருப்பி விடத் தக்கதும் தகாததும்

வளர்ச்சியடையாத பெருங்கெண்டைக் குஞ்சுகளை விட்டுவிட வேண்டும். முட்டை நிறைந்து வயிறு பருத்த நாட்டு மீன்களை இனப்பெருக்கக் காலத்தில் விடுவது நலம். விராலைப் பற்றித் தனியே சொல்ல வேண்டும். விரால் தன் செந்நிறக் குஞ்சுக் கூட்டத்தை விட்டு அகலாமல் காவல் காக்கும் மீன். அக்கூட்டத்தின் நடுவே இரையைக் காட்டினால், தாக்க வந்து எளிதில் அகப்பட்டுவிடும். அவ்வாறு காவலிருக்கும் மீனைப் பிடிப்பது ஒரு மீனைப் பிடிப்பதன்று. நூற்றுக்கணக்கான குஞ்சுகளைப் பிற மீன்களுக்கு இரையாக்குவதாகும். குஞ்சுகளுடன் கூடிய விராலை நாடித் தூண்டிலிடாதிருத்தலே உத்தமம்.

ஆனால், வளர்ப்பதற்கு அரசாங்கத்தாரால் தடைசெய்யப்பட்ட ஆப்பிரிக்கக் கெளுத்தி அகப்பட்டால் திருப்பி விடலாகாது. அது பிற மீன்களை விழுங்கிப் பெருகும்.

வீட்டிற்குக் கொண்டுபோகும் மீன்

உணவிற்கென்று வைத்துக்கொள்ளும் மீனை நெடுநேரம் துடிக்கவிடுவது இரக்கமற்ற செயல் மட்டுமன்று, நஷ்டமுமாகும். துடித்துக் களைத்த மீனின் தசை சீக்கிரம் விறைத்து, சீக்கிரம் கெடத் தொடங்கும். எனவே, அகப்பட்டவுடன் தலையில் ஓரடி அடித்துக் கொன்று, செவுளையும் குடலையும் நீக்கி, நல்ல நீரில் கழுவி, நிழலில் வைத்தல் வேண்டும். தொலைவு போக வேண்டியதானால், மீனின் எடைக்குச் சமமான எடையுள்ள பொடித்த பனிக்கட்டியை அடுக்கடுக்காய் இடையிட்டு வைக்கலாம். வெயிலில் கோணிக்குள் வைத்த மீன் வீடு சேருமுன் பாதி கெட்டுவிடும்.

கற்றுக்கொடுப்பவர் கடமை

புதிதாய்த் தூண்டில் பிடிப்பவரைக் கரையில் பலர் முன்னிலையில் கடிந்துகொள்வதால் பயனில்லை. அவர் வெட்கி வேறு கரைக்குச் செல்வாரேயன்றி, திருந்தமாட்டார். முதிர்ந்தவர் தம் மீனைத் தாமே நனைந்த கையால் நீருக்குள் வைத்து விடுவித்துக் காட்டினால், அதைப் பார்த்த இளைஞருக்கு நூறு வார்த்தை வேண்டியதில்லை. அடுத்த மீனை அவர் கையிலேயே கொடுத்து விடச் சொல்லலாம். காரணத்தையும் உடன் சொல்ல வேண்டும். “தொடாதே” என்பதைவிட, “வழும்பு போனால் பூசணம் பற்றும்” என்பது மனத்தில் நிற்கும். முதல் மீனைப் பிடித்த சிறுவனுடைய மகிழ்ச்சியைக் கெடுக்காமல், அம்மகிழ்ச்சியோடு பொறுப்பையும் சேர்த்துக் கொடுப்பதே ஆசிரியரின் சாமர்த்தியம்.

கிராம அதிகாரிகளுக்கும் இதில் பங்குண்டு. நீரில் வெடிவைத்தும் நஞ்சு கலந்தும் மீன் பிடிப்பதை 1897-ஆம் வருடத்து இந்திய மீன்வளச் சட்டம் குற்றமாக்கிற்று. தூண்டிற்காரர் ஏரிக்கரையில் நெடுநேரம் இருப்பவர்களாகையால், இக்குற்றங்களை முதலில் காண்பவரும் அவர்களே. அவர்களை நண்பராக்கிக்கொண்ட அதிகாரிக்குச் சம்பளமில்லாத காவலர் பலர் கிடைத்தவராவர். குஞ்சு விட்ட நாளையும், எந்த மீனைத் திருப்பி விடவேண்டுமென்பதையும் மதகருகே ஒரு பலகையில் எழுதி வைப்பதற்குச் செலவு அதிகமில்லை.

வயலில் விதை நெல்லைச் சமைத்துண்பவரைக் குடியானவர் என்று ஒருவரும் சொல்லார். ஏரியிலுள்ள சிறு மீனும் விதை நெல்லைப் போன்றதே. அதை விட்டுவிட மனம் வந்தால் மட்டும் போதாது. உயிரோடு விடக் கையும் பழக வேண்டும்.