மோட்டாரின் மூக்கு

கரிசல் சீமையில் வெள்ளத்தைப் பற்றி எழுதப் புகுந்தால் படிக்கிறவர்கள் நகைப்பார்கள். கோவில்பட்டி வட்டாரத்தில் வானத்தை அண்ணாந்து பார்த்துப் பார்த்துக் கழுத்து நோவெடுத்தவர்களே அதிகம். ஆனால் 2023-ஆம் வருஷம் டிசம்பர் 17, 18 தேதிகளில் வருணபகவான் பழைய பாக்கியையெல்லாம் வட்டியும் முதலுமாகச் செலுத்திவிட்டார். காயல்பட்டினத்தில் ஒரே நாளில் சுமார் 95 சென்டிமீட்டர் மழை. திருச்செந்தூரில் 69, ஸ்ரீவைகுண்டத்தில் 62. திருச்செந்தூரிலிருந்து சென்னைக்குப் புறப்பட்ட ரயில், சுமார் 800 பிரயாணிகளுடன் ஸ்ரீவைகுண்டம் ஸ்டேஷனில் தீவில் அகப்பட்டதுபோல் நின்றுவிட்டது. நமது பக்கத்திலும் ஓடைகள் புரண்டன. கண்மாய்கள் மறுகால் பாய்ந்தன.

அந்த மழையில், பாடம் சொல்வதையே பிழைப்பாகக் கொண்ட நாமும் ஒரு பாடம் கற்றுக்கொண்டோம். ரயில் பாதைக்குக் கீழே செல்லும் சுரங்கப்பாதை ஒன்றில் தண்ணீர் தேங்கியிருந்தது. "பம்பர் மட்டத்துக்குத்தானே இருக்கிறது?" என்று எண்ணிக் காரை இறக்கினோம். நடுப்பாதையில் 'டக்' என்று ஒரு சப்தம், யந்திரம் நின்றது. சாவியைத் திருப்பினோம். அசையவில்லை. மறுபடியும் திருப்பினோம். எத்தனை முறை என்று இப்போது சொல்ல வெட்கமாயிருக்கிறது. பிறகு கதவைத் திறந்துகொண்டு இடுப்பளவு ஜலத்தில் இறங்கி நின்றோம். அப்போது ஒரு டிராக்டர், பின்னால் இணைத்த டிரெய்லரில் ஒரு தெரு ஜனங்களையே ஏற்றிக்கொண்டு, நம்மை ஏறிட்டும் பாராமல் தண்ணீரைக் கிழித்துக்கொண்டு போயிற்று. அதன் மூடிக்கு மேலே காளான்போல் ஒரு குழாய் தலைநீட்டிக்கொண்டிருந்ததை அன்றுதான் கவனித்தோம்.

மெக்கானிக் காரைப் பிரித்துவிட்டு, வளைந்துபோன ஓர் இரும்புத் தண்டை நமது கையில் கொடுத்தார். "வாத்தியாரய்யா, நின்ன உடனே அப்படியே விட்டிருந்தா பாதிச் செலவோட போயிருக்கும். திரும்பத் திரும்பச் சாவியைத் திருப்புனீங்க பாருங்க, அதான்!" என்றார். இன்ஷூரன்ஸ்காரர்களும் அதே காரணத்தைச் சொல்லிக் கையை விரித்தார்கள். யந்திரத்துக்கென்று தனிப் பாதுகாப்பு வாங்கியிருந்தால் கிடைத்திருக்குமாம். பத்திரத்தின் பொடி எழுத்துக்களை நாம் படித்ததில்லை. நேயர்கள் இன்றிரவே எடுத்துப் படிக்கலாம்.

நடந்தது என்ன? மோட்டார் யந்திரம் நம்மைப்போலவே மூச்சு விடுகிறது. பிஸ்டன் கீழே இறங்கும்போது காற்றை உள்ளே இழுக்கிறது. மேலே ஏறும்போது அதை அமுக்குகிறது. பெட்ரோல் யந்திரம் ஏறக்குறையப் பத்தில் ஒரு பங்காகவும், டீஸல் யந்திரம் பதினாறில் ஒரு பங்கு, அதற்கும் சிறிதாகவும் காற்றைச் சுருக்கிவிடும். காற்று சாது, சுருங்கிக் கொடுக்கும். தண்ணீர் அப்படியல்ல. ஒரு கிண்ணம் தண்ணீர் சிலிண்டருக்குள் போய்விட்டால் பிஸ்டன் பாறையில் மோதினதுபோல் நிற்கும். கீழே சுழலும் சக்கரமோ வேகத்தில் நிற்க மறுக்கும். இரண்டுக்கும் நடுவே அகப்பட்ட தண்டு வளையாமல் என்ன செய்யும்? நம் காரைப் போன்ற பல வண்டிகளில் காற்றுக் குழாயின் வாய் முன்விளக்கின் அருகே தாழ்வாக இருக்கிறது. பம்பரைத் தொட்ட தண்ணீர், வண்டி ஓடும்போது அலையாக எழும்பி அந்த வாய்க்குள் புகுவதற்கு அதிக நேரம் பிடிக்காது. இப்படி நின்றுவிட்டால் சாவியைத் தொடவே கூடாது. வண்டியை இழுத்துக் கரையேற்றி, பிளக்குகளைக் கழற்றி, யந்திரத்தைக் கையால் சுற்றித் தண்ணீரை வெளியேற்ற வேண்டும்.

இந்த வாயை உயர்த்திவிடுவதுதான் 'ஸ்நார்க்கெல்' என்னும் மூக்குக் குழாயின் தந்திரம். கண்ணாடி ஓரமாகக் கூரை மட்டத்துக்கு ஒரு குழாயை ஏற்றி, காற்றை அங்கிருந்து இழுக்கச் செய்கிறார்கள். யுத்தம் வளர்த்த வித்தை இது. 1942 ஆகஸ்டில் பிரெஞ்சுக் கரையிலுள்ள டியெப் நகரில் இறங்கிய சர்ச்சில் டாங்கிகளுக்கு உயரமான காற்றுக் குழாய்கள் பொருத்தியிருந்தார்கள். 1944 ஜூனில் நார்மண்டியிலும் அலைகளுக்குள் இறங்கிய வண்டிகள் பல இவ்வாறு மூக்கை உயர்த்திக்கொண்டே கரையேறின. நமது ஆவடியில் உற்பத்தியான டி-72 டாங்கி, குழாய் பொருத்திக்கொண்டால் ஐந்து மீட்டர் ஆழத்தில் அடிமண்ணில் ஊர்ந்தே ஆற்றைக் கடக்கும்படி அமைக்கப்பட்டது.

நாமும் ஒரு குழாய் வைத்துக்கொண்டால் என்ன என்ற ஆசை சில மாதங்கள் நம்மைப் பிடித்து ஆட்டியது. கரிசல் காட்டுக்கு இன்னொரு லாபமும் உண்டு. மழை பெய்யாத மாதங்களில் இங்கே வண்டியின் பின்னே எழும் புழுதி ஊரையே மறைக்கும். உயரத்துக் காற்றில் தூசி குறைவு. டிராக்டரின் காளான் தொப்பிகூட வெள்ளத்துக்காக ஏற்பட்டதன்று. காற்றைச் சுழற்றித் தூசியை வேறாகப் பிரிப்பதற்காக ஏற்பட்டது. வெள்ளத்தில் உதவியது அதன் உபரிப் புண்ணியம்!

ஆனால் மெக்கானிக்கிடம் விசாரித்தபோது ஆசை ஒவ்வொரு முழமாக இறங்கியது. குழாயை வைப்பது எளிது. காற்று வடிகட்டிப் பெட்டி வரையில் ஒவ்வொரு இணைப்பையும் நீர் புகாமல் அடைப்பதுதான் வேலை. ஓர் இணைப்பில் ஊசித்துளை இருந்தாலும் யந்திரம் அதன் வழியே ஜலத்தை உறிஞ்சிவிடும். பெட்டியின் அடியில் தூசியும் ஈரமும் வடிவதற்கென்று ஒரு ரப்பர் வாய் இருந்தால், அதையும் பார்க்க வேண்டும். அப்புறம் கியர் பெட்டிக்கும் அச்சுக்கும் சிறு மூச்சுத் துவாரங்கள் உண்டு. ஓடிச் சூடேறிய அச்சு குளிர்ந்த நீரில் முங்கினால், உள்ளேயிருக்கும் காற்று சட்டென்று சுருங்கி நீரை இழுக்கும். எண்ணெய் பால்போல் வெளுத்துவிடும். மின்சாரக் கருவிகளைப் பற்றி அவர் சொன்னதை எழுதினால் கட்டுரை நீளும்.

சட்டமும் இருக்கிறது. 1988-ஆம் வருஷத்து மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-வது பிரிவு, உற்பத்தியாளர் குறித்த அமைப்பிலிருந்து வண்டியை இஷ்டம்போல் மாற்ற இடம் கொடுப்பதில்லை. 2019 ஜனவரியில் சுப்ரீம் கோர்ட்டும் அதை வலியுறுத்தியது. தொழிற்சாலையிலேயே குழாயுடன் வெளிவந்த வண்டியும் உண்டு. போர்ஸ் கம்பெனியாரின் கூர்க்கா அத்தகையது. வேடிக்கை என்னவென்றால், கூரை உயரத்துக்கு மூக்கு வைத்த அந்த வண்டிக்கே அவர்கள் குறித்த நீராழம் 70 சென்டிமீட்டர்தான்.

காரணம், யந்திரம் மூச்சுவிடுவது ஒன்று. வண்டி நிலத்தில் நிற்பது வேறொன்று. ஓர் அடி ஆழத்துக்கு வேகமாக ஓடும் தண்ணீர் சிறிய காரை நகர்த்திவிடும். இரண்டு அடியானால் பெரும்பாலான வண்டிகளை இழுத்துக்கொண்டு போகும். 2024 ஜூனில் லடாக்கின் ஷியோக் ஆற்றில் திடீரென்று நீர் பெருகியபோது, கடந்துகொண்டிருந்த டி-72 டாங்கியோடு நமது ராணுவ வீரர்கள் ஐவர் உயிரிழந்தார்கள். நாற்பது டன் இரும்புக்கே அந்தக் கதி. 2021 செப்டம்பரில் புதுக்கோட்டை மாவட்டத்துத் துடையூர் ரயில்வே சுரங்கப்பாதையில், ஓடாமல் தேங்கி நின்ற நீரிலேயே கார் சிக்கி ஓர் உயிர் போயிற்று.

கரிசலோ இன்னும் மோசம். கோடையில் கைவிடும் அளவுக்கு வெடித்துக் கிடக்கும் மண், தண்ணீரைக் குடித்ததும் ஊதிக் களியாகிவிடுகிறது. மணல் ஓடையில் நீருக்கடியில் தரை இருக்கும். கரிசல் ஓடையில் தரை இருக்கிறதா என்பதே கேள்வி. சக்கரம் புதைந்து நின்ற வண்டிக்கு மூக்கு எவ்வளவு நீளமாயிருந்து என்ன பயன்?

காருக்குப் புதுத் தண்டு போட்டாயிற்று. குழாய் வைக்கவில்லை. பின் ஆசனத்துக்கடியில் நாலடிக் கம்பு ஒன்று கிடக்கிறது. அதில், காரின் சக்கர நடு மட்டத்துக்கு, சிவப்புச் சாயத்தால் ஒரு கோடு இழுத்திருக்கிறோம். சென்ற மழைக்கு அதே சுரங்கப்பாதையின் வாயிலில் வண்டியை நிறுத்தி, கம்பைத் தண்ணீரில் ஊன்றிப் பார்த்தோம். கோடு மறைந்தது. ஏழு மைல் சுற்றிக்கொண்டு பள்ளிக்கூடத்துக்குப் போனோம். முதல் பீரியட் போய்விட்டது.