இரத்தம் நின்ற பிறகுதான் கூடுதல் கவனம்

பெட்டை நாய் வளர்க்கிற வீட்டில் முதல் இரத்தச் சொட்டைக் கண்டதும் நாயைப் பின்வளவில் கட்டிவைப்பார்கள். ஒன்பது, பத்து நாளில் சொட்டு குறைந்துவிடும். "எல்லாம் முடிஞ்சுது" என்று அவிழ்த்து விடுவார்கள். இரண்டு மாதம் கழித்து விறகுக் கொட்டிலுக்குள் ஐந்தாறு குட்டிகள் கிடக்கும். கடுவன் குட்டியை யாராவது கேட்டு வாங்கிப் போவார்கள். பெட்டைக் குட்டிகளோ உரப்பையில் கட்டப்பட்டு சந்தையடிக்கோ மீன் வாடிப் பக்கமோ போய்ச் சேரும். அதில் உயிர் தப்புகிற ஒன்று அடுத்த வருடம் அங்கேயே குட்டி போடும்.

இதற்கெல்லாம் காரணம் பெரும்பாலும் ஈரமில்லாத மனசு அல்ல. நாயின் உடம்பைப் பெண்களின் மாதவிடாயோடு சேர்த்து விளங்கிக்கொள்வதுதான். மனிதரில் கரு தங்காதபோது இரத்தம் போகிறது. நாயில் அது நேர்மாறு. கருமுட்டை வெளிவருவதற்கு முன்பே, உடம்பு தயாராகும்போதே இரத்தம் வருகிறது. அந்த நாட்களில் கடுவன்கள் சுற்றி வந்தாலும் பெட்டை உறுமித் துரத்திவிடும். பிறகு சொட்டு வெளிறி வைக்கோல் நிறத்துக்கு மாறும், சில நாய்களில் நின்றே போகும். அப்போதுதான் அது வாலை ஒருபக்கம் ஒதுக்கிக் கடுவனுக்கு நின்று கொடுக்கும். கரு தங்கும் நாட்கள் அவைதான். சில நாய்களில் இரத்தம் கடைசி வரை சிவப்பாகவே போகும் என்பதால் நிறத்தை மட்டும் நம்பியிருக்கவும் முடியாது.

முதல் சொட்டிலிருந்து மூன்று கிழமையாவது, பிறப்புறுப்பின் வீக்கம் முழுதாக வற்றும் வரை, நாயை வெளியில் விடக்கூடாது. சங்கிலியில் கட்டி முற்றத்தில் விடுவதும் காவல் அல்ல. கட்டிய நாயால் ஓடித் தப்ப முடியாது, ஆனால் கடுவன் வேலி பாய்ந்து வந்துவிடும். கதவுள்ள அறைதான் வேண்டும். கடுவனின் விந்தணு பெட்டையின் உடம்பில் ஒரு கிழமை வரை உயிரோடிருக்கக் கூடும் என்பதால், ஒரே ஈற்றில் பிறக்கும் குட்டிகளுக்குத் தகப்பன்கள் வெவ்வேறாகவும் இருக்கலாம். கூடப் பிறந்த கடுவன் என்று நம்பி ஒரே வளவில் விடவும் வேண்டாம், நாய் உறவு பார்ப்பதில்லை.

முதல் பருவம் அநேகமாக ஆறு மாதத்துக்கும் ஒரு வயதுக்கும் இடையில் வரும், பெரிய சாதி நாய்களில் இன்னும் பிந்தும். பிறகு ஏழு மாதத்துக்கு ஒருமுறை என்ற கணக்கில், நாய்க்கு நாய் கூடிக் குறைந்து, சாகும்வரை வந்துகொண்டிருக்கும். வயது போனால் தானாக நின்றுவிடும் என்பது நாய்க்குப் பொருந்தாது.

திருகோணமலை மாவட்டத்துக் கரையோர ஊரான புல்மோட்டை என்றதும் வெளியூரார் கனிய மணலைச் சொல்வார்கள். காலையில் கரைக்குப் போனால் தெரிவது மீனும் நாயும்தான். கரைவலை மடி கரையேறும்போது கழிவு மீனுக்காக நாய்கள் சுற்றி நிற்கும். பருவத்துக்கு வந்த பெட்டை ஒன்று நடுவில் வந்தால் மீனையும் மறந்து ஏழெட்டுக் கடுவன்கள் அதன் பின்னால் போகும். ஒன்றையொன்று கடிக்கும், காது கிழியும், உமிழ்நீர் காயத்தில் படும். விசர் நாய்க்கடி நோய் நாயிலிருந்து நாய்க்குப் பரவ இதைவிட வசதியான வழி வேறு இல்லை. விலக்கப் போகிற பிள்ளைக்கும் அதே கடிதான். இணை சேர்ந்த நாய்கள் பிணைந்து நிற்கும்போது கல்லெறிவதும் தண்ணீர் ஊற்றுவதும் ஊரில் பிள்ளைகளுக்கு விளையாட்டாகிவிட்டது. கடுவனின் உறுப்பு உள்ளே வீங்கி அரை மணித்தியாலம், சிலவேளை அதற்கும் மேல், அவை அப்படித்தான் நிற்கும். அடித்துப் பிரித்தால் இரண்டுக்கும் உள்காயம் ஏற்படும். தாகித்த நாய்க்குத் தண்ணீர் கொடுத்தவரின் பாவம் மன்னிக்கப்பட்டதைச் சொல்லும் நபிமொழியைப் பள்ளியில் கேட்டு வளரும் பிள்ளைகள் இவர்கள். பெரியவர்கள் ஒரு சொல் சொன்னால் கேட்பார்கள்.

கருத்தடை ஊசியைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். மலிவு, சுலபம் என்று பலரும் அதையே கேட்டு வாங்கிப் போடுகிறார்கள். இந்த ஹோமோன் ஊசி கருப்பையின் உட்சுவரைத் தடிக்கவைத்துச் சீழ் பிடிக்க இடம் கொடுக்கிறது. பருவத்தில் இருக்கும்போது போட்டால் ஆபத்து இன்னும் கூடும். கருவுற்றிருப்பது தெரியாமல் போட்டால் பிரசவம் பிந்திக் குட்டிகளும் தாயும் சேர்ந்தே சாகலாம். ஊசியே போடாத நாய்க்கும் பருவம் முடிந்து ஒன்றிரண்டு மாதத்துக்குள் கருப்பையில் சீழ் வரலாம். நாய் சாப்பிடாமல் படுத்திருந்து, ஓயாமல் தண்ணீர் குடித்து, வாந்தி எடுத்தால், அல்லது பின்புறம் நாற்றத்தோடு சீழ் கசிந்தால் அன்றைக்கே மிருக வைத்தியரிடம் கொண்டுபோக வேண்டும். சீழ் வெளியே வராமல் வயிறு மட்டும் ஊதியிருந்தால் இன்னும் அவசரம். பெரும்பாலும் சத்திரசிகிச்சைதான் காப்பாற்றும்.

கருப்பையையும் சூலகத்தையும் அகற்றும் சத்திரசிகிச்சை ஒருமுறை செய்தால் போதும். "ஒரு ஈற்றாவது போடட்டும்" என்று காத்திருப்பதால் நாய்க்கு ஒரு நன்மையும் இல்லை. பருவத்தில் இரத்தக் குழாய்கள் புடைத்திருக்கும் என்பதால், அது முடிந்து இரண்டு மூன்று மாதம் கழித்துச் செய்வதே நல்லது. முதல் சொட்டுக் கண்ட திகதியைக் கலண்டரில் குறித்து வைத்தால் வைத்தியருக்கு வேறு கணக்குத் தேவைப்படாது. புல்மோட்டையிலிருந்து திருகோணமலை நகரம் 50 கிலோமீற்றருக்கு மேல் தொலைவு, நாயை ஓட்டோவில் ஏற்றிப் போய்வர ஒரு நாட் கூலி போகும். ஆகவே பிரதேச சபையிடமும் சுகாதார வைத்திய அதிகாரி பணிமனையிடமும் ஊரிலேயே கருத்தடை முகாம் கேட்கலாம். பள்ளிவாசல் நிர்வாகமும் மீனவர் சங்கமும் சேர்ந்து கடிதம் கொடுத்தால் தனியாள் கேட்பதைவிடக் காது கொடுப்பார்கள். தெரு நாய்களைக் கொல்வதை இலங்கை அரசு 2006இல் நிறுத்தியது. அதற்குப் பதிலாக வந்தது கருத்தடையும் தடுப்பூசியும்தான், ஆகவே இது சலுகை கேட்பது அல்ல. சென்னையில் புளூ கிராஸ் என்ற விலங்கு நல அமைப்பு 1964இலேயே இந்த வழியில் இறங்கிவிட்டது.

வளர்ப்பவருக்குக் கடமையும் உண்டு. நாயைப் பதிவு செய்யச் சொல்லும் சட்டம் 1901இலிருந்தும், விசர்நோய்ச் சட்டம் 1893இலிருந்தும் இருக்கின்றன. விலங்கு வதைக்கு எதிரானது 1907ஆம் ஆண்டின் 13ஆம் இலக்கச் சட்டம். அதிலிருந்த 100 ரூபாய்த் தண்டம் நூறு வருடம் கடந்தும் மாறாமல் கிடந்தது பெரிய வெட்கக்கேடு. குட்டிகளை உரப்பையில் கட்டி எறிகிறவரைக் கண்டால் பொலிசில் முறையிடலாம்.

இலங்கையில் 1973இல் 377 பேர் விசர்நோயால் இறந்தார்கள். இப்போது அது வருடத்துக்கு 20, 30 என்ற அளவுக்கு இறங்கியிருக்கிறது. கடித்தால், கீறினால், காயத்தில் நாய் நக்கினால் ஓடும் தண்ணீரில் சவர்க்காரம் போட்டு 15 நிமிடம் கழுவுங்கள். மிளகாய்த்தூள், கோப்பித்தூள் எதுவும் வைக்க வேண்டாம். அன்றைக்கே அரசாங்க வைத்தியசாலைக்குப் போங்கள், ஊசி இலவசம். நாயின் தடுப்பூசி அட்டை இருந்தால் அதையும் கையோடு கொண்டு போங்கள். கடித்த நாயை அடித்துக் கொல்லாமல், முடிந்தால் கட்டி வைத்து 14 நாள் கவனியுங்கள். அதற்குள் அது செத்தால் உடலைப் புதைத்துவிடாமல் பொதுச் சுகாதாரப் பரிசோதகருக்கு (பி.எச்.ஐ.) அறிவியுங்கள். தலையைக் கொழும்பு மருத்துவ ஆராய்ச்சி நிறுவகத்துக்கு அனுப்பிச் சோதிக்க அவர் வழிசெய்வார்.