பட்டால் புத்தி வருமா?

குடியால் ஈரல் கெட்டு, மஞ்சள் காமாலையோடு மருத்துவமனையில் கிடந்தவர், வீடு திரும்பிய வாரத்திலேயே மறுபடி கடைக்குப் போகிறார். மனச்சிதைவு நோய்க்கு மாத்திரை சாப்பிட்டுத் தேறியவர், போன முறை மாத்திரையை நிறுத்திப் பட்ட பாடு நினைவிருந்தும் மறுபடி நிறுத்துகிறார். இவர்களைப் பற்றி வீட்டிலும் வெளியிலும் சொல்லப்படுவது ஒன்றுதான்: “பட்டாத்தான் புத்தி வரும்.” பட்ட பிறகும் அதையே செய்தால், திருந்தாத ஜென்மம் என்று கைகழுவிவிடுகிறோம். இரண்டு பேச்சுக்கும் அடியில் இருப்பது ஒரே நம்பிக்கை. ஆபத்து தெரிந்தால் மனிதன் விலகுவான்; விலகவில்லை என்றால் ஒன்று அவனுக்குத் தெரியவில்லை, அல்லது திமிர். கடந்த முப்பது ஆண்டுகளின் ஆய்வுகள் இந்த நம்பிக்கையை ஆட்டம் காண வைத்திருக்கின்றன. ஆபத்தை அறிவது வேறு, அந்த அறிவு உரிய நேரத்தில் வந்து கையைத் தடுப்பது வேறு. பட்டுக் கற்றுக்கொள்ளும் திறனையே பாதிக்கிற நோய்க்கு, இன்னும் கொஞ்சம் படட்டும் என்பது மருந்தாக முடியாது.

1994-இல் அமெரிக்காவின் அயோவா பல்கலைக்கழகத்தில் அந்தோனியோ தமாசியோவும் அன்டோயின் பெச்சாராவும் உள்ளிட்ட குழு ஒரு சீட்டாட்டத்தை உருவாக்கியது. நான்கு சீட்டுக்கட்டுகள். இரண்டு கட்டுகளில் எந்தச் சீட்டை எடுத்தாலும் 100 டாலர் விளையாட்டுப் பணம் கிடைக்கும். மற்ற இரண்டில் 50 டாலர்தான். ஆனால் 100 டாலர் கட்டுகளில் இடையிடையே பெரிய அபராதம் விழும். பத்துச் சீட்டு எடுத்து முடிக்கும்போது அங்கே மொத்தத்தில் 250 டாலர் நஷ்டம், 50 டாலர் கட்டுகளிலோ 250 டாலர் லாபம். விதியை யாரும் சொல்லித் தருவதில்லை. அடிபட்டுத்தான் புரிந்துகொள்ள வேண்டும். ஆரோக்கியமானவர்கள் சில அபராதங்களுக்குப் பிறகு மெல்ல 50 டாலர் பக்கம் வந்துவிட்டார்கள். கண்குழிகளுக்கு மேலே உள்ள முன்மூளைப் பகுதி சேதமடைந்தவர்கள் கடைசிவரை 100 டாலர் கட்டுகளிலிருந்தே அதிகம் எடுத்தார்கள். 1997-இல் வெளியான தொடர் ஆய்வில், ஆரோக்கியமானவர்களின் கை மோசமான கட்டை நோக்கிப் போகும்போதே உள்ளங்கை லேசாக வியர்த்தது கருவியில் பதிவானது. மூளை சேதமடைந்தவர்களுக்கு அந்த வியர்வை இல்லை. அவர்களில் சிலர் எந்தக் கட்டு மோசமானது என்று வாயால் சரியாகவே சொன்னார்கள். சொல்லிவிட்டு அதையே எடுத்தார்கள். பின்னர் மதுவுக்கும் கோகெய்னுக்கும் அடிமையானவர்கள் இதே ஆட்டத்தை ஆடியபோது, அவர்களில் கணிசமானோர் மூளைச் சேதம் உள்ளவர்களைப் போலவே ஆடினார்கள்.

இந்த ஆய்வுக்கு மறுப்பும் உண்டு. உடல் முதலில் எச்சரிக்கிறது, மனம் பிறகுதான் அறிகிறது என்ற தமாசியோவின் விளக்கத்தை 2004-இல் மாயா, மெக்லெலண்ட் என்ற ஆய்வாளர்கள் கேள்விக்குள்ளாக்கினார்கள். நுணுக்கமாகக் கேட்டால், ஆடுபவர்களுக்கு எந்தக் கட்டு நல்லது என்பது நினைத்ததைவிட முன்பே தெரிந்திருக்கிறது என்று காட்டினார்கள். மறுப்பு நியாயமானது. ஆனால் அது உள்ளங்கை வியர்வைக்குத் தமாசியோ குழு கொடுத்த விளக்கத்தைத்தான் அசைக்கிறது. தெரிந்தும் எடுத்தவர்கள் தெரிந்தும் எடுத்தவர்கள்தான். போதைக்கு அடிமையானவர்களிடம் காணும் இந்தப் பலவீனம் போதைக்கு முன்பே இருந்ததா, போதை உண்டாக்கியதா என்ற கேள்விக்கு இரண்டும் உண்டு என்பதே பொருத்தமான பதில்.

ஆய்வகத்துக்கு வெளியிலும் இதே கதைதான். பொருளாதார அறிஞர் கிப் விஸ்குசி 1990-இல் வெளியிட்ட ஆய்வில், புகைப்பவர்கள் நுரையீரல் புற்றுநோய்க்கான வாய்ப்பை உண்மையில் இருப்பதைவிட அதிகமாகவே மதிப்பிட்டார்கள். அவர்கள் புகைப்பது பயம் போதாததால் அல்ல. பல ஆண்டு கழித்து வரும் புற்றுநோய்க்கும் இப்போது கையில் இருக்கும் இந்த ஒரு சிகரெட்டுக்கும் மனம் முடிச்சுப் போடுவதில்லை, அவ்வளவுதான். 1997-இல் வெர்மான்ட் பல்கலைக்கழகத்தில் வாரன் பிக்கெல் குழுவினர் இதை அளந்தே பார்த்தார்கள். பிறகு கிடைக்கும் 1,000 டாலருக்குப் பதிலாக இப்போதே எவ்வளவு கொடுத்தால் சம்மதிப்பீர்கள் என்று கேட்டார்கள். ஹெராயின் போன்ற போதைக்கு அடிமையானவர்கள் மற்றவர்களைவிடக் குறைந்த தொகைக்கே ஒத்துக்கொண்டார்கள். பணத்துக்குப் பதில் ஹெராயினையே பேசினால், நாளைய மதிப்பு இன்னும் வேகமாகச் சரிந்தது. எதிர்காலமே இப்படிச் சுருங்கிப்போனவரிடம் ‘உன் எதிர்காலத்தை நினைத்துப் பார்’ என்பது அவர் காதில் விழும், அவர் முடிவைத் தொடாது.

மனச்சிதைவு போன்ற மனப்பிறழ்வு நோய்களில் கோளாறு வேறு இடத்தில் இருக்கிறது. அங்கே ஆபத்துணர்வு குறைவதில்லை, இடம் மாறிப் பெருகுகிறது. எது கவனிக்கத் தக்கது என்று குறியிடுவதில் டோபமைன் என்ற மூளை வேதிப்பொருளுக்குப் பெரும் பங்கு உண்டு. அது தறிகெட்டுச் சுரக்கும்போது பக்கத்து வீட்டுக்காரர் இருமுவதும், தெருவில் வண்டி நிற்பதும் தனக்கான சேதியாகத் தெரியும் என்பது மனநல மருத்துவர் ஷிதிஜ் கபூர் 2003-இல் முன்வைத்த விளக்கம். இதோடு அவசர முடிவும் சேர்கிறது. 1988-இல் லண்டனில் பிலிப்பா கேரட்டி உள்ளிட்டோர் நடத்திய ஆய்வில் இரண்டு ஜாடிகள், ஒன்றில் ஒரு நிற மணிகள் 85, மறு நிறம் 15, அடுத்ததில் தலைகீழாக. மணிகளை ஒவ்வொன்றாக எடுத்துக் காட்டி, எந்த ஜாடியிலிருந்து வருகின்றன என்று கேட்டார்கள். பிறழ்நம்பிக்கை கொண்டவர்கள் மற்றவர்களைவிடக் குறைந்த மணிகளைப் பார்த்ததுமே முடிவு செய்தார்கள். சாப்பாட்டில் விஷம் என்று உறுதியாக நம்புகிறவர் மாத்திரையைத் துப்புவது, அவருடைய கணக்கில் தற்காப்பு. தேறியவர் மாத்திரையை நிறுத்துவதற்கு எளிய காரணம் உண்டு: தூக்கக் கலக்கமும் உடல் பருமனும் இன்றைக்கே தெரிகின்றன, நோய் திரும்புவது மாதங்கள் கழித்து. முதல் முறை பாதிக்கப்பட்டுத் தேறியவர்களை ஐந்து ஆண்டுகள் தொடர்ந்த ஓர் அமெரிக்க ஆய்வில் (1999), மருந்தை நிறுத்தியபோது நோய் திரும்பும் ஆபத்து ஏறக்குறைய ஐந்து மடங்கானது.

போதையும் மனப்பிறழ்வும் ஒரே மனிதரிடம் சேரும்போது நிலைமை மோசமாகிறது. அவை அடிக்கடி சேரவும் செய்கின்றன. இங்கேதான் நம்முடைய ஆபத்துக் கணிப்பையும் சோதிக்க வேண்டியிருக்கிறது. மனச்சிதைவு என்றாலே வன்முறை என்று சினிமா பழக்கிவைத்திருக்கிறது. சுவீடனில் 8,003 மனச்சிதைவு நோயாளிகளைப் பற்றிய 2009-ஆம் ஆண்டு ஆய்வில், போதைப் பழக்கமும் சேர்ந்தவர்களில் 27.6 சதவீதம் பேர் வன்முறைக் குற்றத்தில் தண்டிக்கப்பட்டிருந்தார்கள். போதை இல்லாதவர்களில் அது 8.5 சதவீதம், பொதுமக்களில் 5.3. கூடுதல் ஆபத்தின் பெரும்பகுதி போதை வழியாக வருகிறது. நோயாளிக்கு இருக்கும் ஆபத்தோ இதைவிடப் பெரிது. மனச்சிதைவு உள்ளவர்கள் அகால மரணமடையும் வாய்ப்பு மற்றவர்களைவிட இரண்டு மூன்று மடங்கு என்கிறது உலகச் சுகாதார நிறுவனம். இதய நோய் போன்ற உடல் நோய்கள்தான் பெரும்பாலும் காரணம். அதைப் பற்றி யாரும் பயப்படுவதாகத் தெரியவில்லை.

அப்படியானால் எல்லாம் மூளையின் குற்றம், குடிப்பவருக்குப் பொறுப்பே இல்லையா? நேர்மையான கேள்வி இது, குடிநோயாளியின் மனைவி கேட்கும்போது குறிப்பாக. அடி வாங்கியவரிடம் போய்ப் பொறுமையைப் போதிக்க யாருக்கும் உரிமையில்லை. பாதுகாப்புத் தேடி விலகுவது அவர் உரிமை. ஆனால் சான்றுகள் சொல்வது ‘இவர்களால் மாறவே முடியாது’ என்பதை அல்ல. அமெரிக்காவில் போதைக்கு அடிமையான மருத்துவர்களுக்கு ஒரு திட்டம் இருக்கிறது. முன்னறிவிப்பில்லாத சிறுநீர்ப் பரிசோதனை, சிகிச்சை, தவறினால் மருத்துவ உரிமத்துக்கே ஆபத்து. ஐந்து ஆண்டுக் கண்காணிப்பில் ஐந்தில் ஏறக்குறைய நால்வரிடம் போதைப்பொருள் தென்படவேயில்லை. வெர்மான்டில் ஸ்டீபன் ஹிக்கின்ஸ் கோகெய்ன் நோயாளிகளுக்குத் தண்டனைக்குப் பதில் பரிசு கொடுத்தார். சிறுநீர் சுத்தமாக இருந்தால் அன்றே பொருள் வாங்கும் கூப்பன். தொடரத் தொடர மதிப்பு ஏறும். 1994-இல் வெளியான முடிவில், கூப்பன் பெற்றவர்களில் 75 சதவீதம் பேர் 24 வாரச் சிகிச்சையை முடித்தார்கள். பெறாதவர்களில் 40 சதவீதம். போதை இல்லாமல் இருக்கக் காசு கொடுப்பதா என்று பலருக்கும் கோபம் வருகிறது. ஆனால் விளைவு கைக்கெட்டும் தூரத்தில், தவறாமல் வந்தால் இதே மூளை கற்றுக்கொள்கிறது என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று வேண்டாம். நம் நாட்டுச் சிகரெட் பெட்டியின் 85 சதவீதப் பரப்பில் இருக்கும் கோரமான பட எச்சரிக்கை, இன்னும் தொடங்காத பையனைத் தடுக்கலாம். ஆழத்தில் இருப்பவருக்கு அது மட்டும் போதாது.

இதிலிருந்து வீட்டுக்கும் சில பாடங்கள் வருகின்றன. தெரியாமல் சாப்பாட்டில் கலந்து கொடுக்கும் குடிமாற்று மருந்துகளை நம்பாதீர்கள். இப்படிக் கலக்கப்படும் டைசல்பிராம் என்ற மருந்து உடலில் இருப்பது தெரியாமல் ஒருவர் குடித்தால் உயிருக்கே ஆபத்தாகலாம். மனப்பிறழ்வு உள்ளவருக்கு நோயையும் அது கூட்டலாம். சந்தேக நோயாளிக்கு ஒளித்து மாத்திரை கொடுத்து அகப்பட்டுக்கொண்டால், விஷம் என்ற அவர் பயத்துக்கு நாமே ஆதாரம் தந்தவர்களாவோம். தினமும் மாத்திரை விழுங்க முடியாதவர்களுக்கு மாதம் ஒருமுறை போடும் ஊசி இருக்கிறது, மருத்துவரிடம் கேளுங்கள். மாத்திரையால் படும் தொல்லையை நோயாளி சொன்னால் அதட்டாதீர்கள், அதையும் மருத்துவரிடம் கொண்டுபோங்கள், மருந்தை மாற்ற வழியுண்டு. போதைக்கு ஓரிடம், மனநோய்க்கு ஓரிடம் என்று அலையவிடாமல் இரண்டுக்கும் சேர்த்துச் சிகிச்சை தரும் இடத்தைத் தேடுங்கள். எங்கே தொடங்குவது என்று புரியாவிட்டால், ஒன்றிய அரசின் டெலி மானஸ் மனநல உதவி எண் 14416. கட்டணமில்லை, இரவு பகல் எந்நேரமும் தமிழிலேயே பேசலாம். நோயாளி வர மறுத்தாலும் குடும்பத்தினர் அழைக்கலாம்.