பிள்ளைகளின் கையைப் பிடிக்காத சித்திர ஆசிரியர்

ஒரு மரவேலி. அதன்மேல் தெருப் பிள்ளைகள் படம் போட்டுக்கொண்டிருந்தார்கள். இடம் போதவில்லை. ஒருவனை ஒருவன் தள்ளினான். பெரியவன் சின்னவனை விரட்டினான். ஒரே கூச்சல்!

எதிர்வீட்டு ஜன்னலிலிருந்து ஓர் இளைஞர் இதைப் பார்த்துக்கொண்டிருந்தார். வேறொருவராக இருந்தால், "வேலியைப் பாழாக்காதே!" என்று அதட்டியிருப்பார். அவரோ நாள்தோறும் அந்த வேடிக்கையைக் கவனித்தார். 'படம் போட இந்தப் பிள்ளைகளுக்கு யார் சொல்லிக் கொடுத்தார்கள்? யாருமில்லையே! பிறகு ஏன் இத்தனை ஆவல்?' என்று யோசித்தார்.

அந்த யோசனைதான் பல நாடுகளில் சித்திர வகுப்புகளின் போக்கையே மாற்றியது. அந்த இளைஞரின் பெயர் பிரான்ஸ் சிசெக். ஊர், ஆஸ்திரியாவின் தலைநகரான வியன்னா.

தச்சர் வீட்டில்

சிசெக் 1865-ம் ஆண்டு பொஹீமியாவில் லைட்மெரிட்ஸ் என்ற ஊரில் பிறந்தவர். அது இன்று செக் நாட்டைச் சேர்ந்தது. 20-வது வயதில் ஓவியம் கற்க வியன்னாவுக்கு வந்தார். ஒரு தச்சர் வீட்டில் அறை எடுத்துத் தங்கினார்.

தச்சரின் பிள்ளைகள் அவர் அறைக்கு ஓடி வருவார்கள். "எங்களுக்கும் தாள் கொடுங்கள்" என்று கேட்பார்கள். சிசெக் தாளும் வர்ணமும் கொடுத்தார். அவர்கள் போட்ட படங்களைப் பத்திரமாக எடுத்து வைத்தார். பிறகு தம் நண்பர்களிடம் காட்டினார். நண்பர்கள் சாமானியர்கள் அல்லர். வியன்னாவில் புதுமை படைத்துக்கொண்டிருந்த ஓவியர்களும் கட்டிடக் கலைஞர்களும். அவர்கள் சிரிக்கவில்லை. "நீர் ஒரு பள்ளிக்கூடம் தொடங்கும்" என்று தூண்டினார்கள்.

வகுப்பு பிறந்தது

அந்தக் காலத்துப் பள்ளிகளில் சித்திரம் என்றால் பார்த்து வரைவதுதான். நேர்க்கோடு, வட்டம், அச்சிட்ட மாதிரிப் படம், சுண்ணாம்பில் வார்த்த உருவம். மாதிரியைப் போலவே வரைந்தவன் கெட்டிக்காரன். கோடு கோணலானால் திட்டுத்தான்.

1897-ம் ஆண்டில் சிசெக் சிறுவர் சித்திர வகுப்பைத் தொடங்கினார். 14 வயது வரை உள்ள பிள்ளைகள் அங்கே வந்தார்கள். மாதிரிப் படம் கிடையாது. பிள்ளைகள் வர்ணம் தீட்டினார்கள். காகிதத்தை வெட்டி ஒட்டினார்கள். லினோலியத்தில் செதுக்கி அச்செடுத்தார்கள். துணியில் பூவேலை செய்தார்கள். சில ஆண்டுகளில் அந்த வகுப்பு அரசாங்கக் கைவினைக் கலைப் பள்ளியின் ஒரு பகுதியாகவே ஆகிவிட்டது.

சிசெக்கின் கொள்கை எளியது. குழந்தை போடும் படம், பெரியவர்கள் போடும் படத்தின் அரைகுறை அல்ல. அதற்கென்று தனி இலக்கணம் உண்டு. வீட்டைவிட மனிதனைப் பெரிதாகப் போட்டால், அந்தக் குழந்தைக்கு மனிதன்தான் முக்கியம் என்று பொருள். அதைத் திருத்துகிற ஆசிரியர், தப்பைத் திருத்தவில்லை. குழந்தையின் பேச்சை நிறுத்துகிறார்.

எல்லாரையும் ஓவியராக்குவது தம் வேலை என்றும் அவர் நினைக்கவில்லை. தச்சரானாலும் தையற்காரரானாலும், தாமாக ஒன்றை ஆக்கிப் பார்த்த அனுபவம் மனிதருக்குப் பயன்படும் என்று நம்பினார்.

பசித்த ஊரின் படங்கள்

1918-ல் முதல் உலகப் போர் முடிந்தது. ஆஸ்திரியப் பேரரசு சிதறியது. வியன்னாவில் கடும் பஞ்சம். குழந்தைகள் எலும்பும் தோலுமாக வாடினார்கள். வெளிநாட்டார் வந்து உணவு கொடுத்தார்கள்.

அப்படி உதவி செய்ய வந்தவர்களில் ஒருவர் பிரான்செஸ்கா வில்சன் என்ற ஆங்கிலப் பெண்மணி. அவர் சிசெக்கின் வகுப்பைப் பார்த்தார். பசித்த பிள்ளைகள் போட்ட படங்களில் பூக்களும் திருவிழாக்களும் நிறைந்திருந்தன! 1920-ல் அந்தப் படங்கள் லண்டனில் காட்சிக்கு வைக்கப்பட்டன. பிறகு பிரிட்டனின் பல ஊர்களுக்கும் அமெரிக்காவுக்கும் சென்றன. குழந்தைகள் நிவாரண நிதிக்குப் பணம் சேர்ந்தது. பிள்ளைகளின் படமே பிள்ளைகளுக்குச் சோறு போட்டது.

கண்காட்சியைப் பார்த்த ஆசிரியர்கள் பலர் தங்கள் வகுப்பறையிலிருந்த மாதிரிப் படங்களை எடுத்துவிட்டு, வெள்ளைத் தாளை வைத்தார்கள்.

ஒரு குற்றச்சாட்டு

ஆனால் கூர்ந்து பார்த்த சிலருக்கு ஒரு சந்தேகம் எழுந்தது. 'நான் கற்பிப்பதில்லை என்கிறாரே சிசெக்! பின் எல்லாப் படங்களும் ஒரே குடும்பத்துச் சாயலில் இருப்பது எப்படி?'

கேள்வியில் நியாயம் இருந்தது. வில்சன் எழுதிய குறிப்பிலேயே அதற்குச் சான்று கிடைக்கிறது. ஒருநாள் சிசெக் 'இலையுதிர் காலம்' என்று தலைப்புக் கொடுத்தார். அந்தக் காலத்தை ஓர் உருவமாகப் போடச் சொன்னார். உருவம் பெரிதாக இருக்க வேண்டும், சுற்றிலும் கரை வேண்டும் என்றார். பிறகு ஒவ்வொரு படத்தையும் பார்த்துக் கருத்துச் சொன்னார். இது கற்பித்தல் இல்லாமல் வேறென்ன?

ஆசிரியர் எதைக் கண்டு முகம் மலர்கிறார் என்பதைப் பிள்ளைகள் நொடியில் கண்டுகொள்வார்கள். பிறகு அதையே செய்வார்கள். கையைப் பிடிக்காவிட்டாலும் கண் பிடித்து இழுக்கும். சிசெக் அறிந்தோ அறியாமலோ அதுதான் அங்கே நடந்தது.

ஆயினும் இந்தக் குறை அவர் பணியை அழித்துவிடவில்லை. மாதிரியைப் பார்த்து வரைந்த பிள்ளையிடம் ஒரு மாதிரிதான் மிஞ்சியது. சிசெக்கின் பிள்ளைகளோ இலையுதிர் காலத்துக்கு ஆளுக்கொரு முகம் கொடுத்தார்கள்.

1946-ம் ஆண்டில், 81-வது வயதில், சிசெக் வியன்னாவிலேயே காலமானார். அவர் விட்டுச்சென்ற பாடம் ஆசிரியருக்கு மட்டுமல்ல, பெற்றோருக்கும்தான். பிள்ளை படத்தோடு ஓடி வந்தால், "இது என்ன, நாயா, மாடா?" என்று சிரிக்க வேண்டாம். "இதைப் பற்றிச் சொல்லேன்" என்று கேட்டுவிட்டுச் சற்றே சும்மா இருந்தால் போதும். மீதியைப் பிள்ளை சொல்லும்.