மூளைக்குள் ஒரு வாய்க்கால்

ஐப்பசி மழை ஓய்ந்த ஒரு காலையில் திண்டுக்கல் மலைக்கோட்டை மீது ஏறி நின்று பாருங்கள். சுற்றிலும் விரிந்த சமவெளியில் ஆங்காங்கே நீர் வெயிலில் பளபளக்கும். வண்டல் மண்டிய வாய்க்காலில் நீர் வடியாமல் தேங்கி, கரையை மீறிப் பரவிக் கிடக்கும். கீழே நடப்பவருக்குப் புலப்படாதது மேலிருந்து பார்ப்பவருக்குப் புரிந்துவிடும்.

நம் மூளைக்குள்ளும் இத்தகைய வாய்க்கால்கள் உண்டு என்றால் வியப்பாக இருக்கிறதல்லவா?

குழாயைச் சுற்றி ஓர் உறை

மூளைக்குள் நுழையும் சிறு இரத்தக் குழாய்களைச் சுற்றி, சட்டைக் கை போல, மெல்லிய இடைவெளி உண்டு. அதில் நீர் போன்ற தெளிந்த திரவம் இருக்கிறது. 1851இல் ஜெர்மானிய அறிஞர் விர்க்கோவும், 1859இல் பிரெஞ்சு அறிஞர் ரோபினும் இதை விவரித்தார்கள். எனவே இதற்கு ‘விர்க்கோ-ரோபின் இடைவெளி’ என்று பெயர். 2012இல் அமெரிக்காவில் நெடர்கார்டு குழுவினர் சுண்டெலிகளை ஆராய்ந்து, மூளையின் கழிவுகளைக் கழுவிச் செல்ல இவ்வழி உதவுகிறது என்றனர். அது எவ்வாறு நடக்கிறது என்பது பற்றி அறிஞர்களிடையே இன்னும் விவாதம் நடக்கிறது.

காந்தம் எடுக்கும் படம்

மண்டையோட்டைத் திறக்காமல் இதைப் பார்ப்பது எப்படி? எம்.ஆர்.ஐ. கருவிதான் இங்கே நமது மலைக்கோட்டை! நீரின் ஒவ்வொரு மூலக்கூறிலும் 2 ஹைட்ரஜன் அணுக்கள் உள்ளன. வலிமை மிக்க காந்தத்துக்குள் அவற்றின் கருக்கள் நுண்ணிய காந்த ஊசிகள் போல நடந்துகொள்கின்றன. வானொலி அலையால் அவற்றைச் சற்றே நிலைபெயர்த்தால், பழைய நிலைக்குத் திரும்பும்போது மெல்லிய சைகை தருகின்றன. கணிப்பொறி அச்சைகையைப் படமாக்குகிறது. ஒருவகைப் படத்தில் திரவம் வெண்மையாகத் தெரியும். இடைவெளி குறுக்காக அமைந்தால் புள்ளி. நெடுக்காக அமைந்தால் கோடு. அகலம் பொதுவாக 3 மில்லிமீட்டருக்கும் குறைவே. வயது ஏற ஏற எல்லோருக்கும் இவை கூடுதலாகத் தெரியும். ஆகவே புள்ளி இருந்தாலே நோய் என்று அஞ்ச வேண்டாம்.

பரம்பரை நோயில் நடப்பது என்ன?

ஹண்டிங்டன் நோய் என்று ஒன்று உண்டு. ஒரு மரபணுவில் சி.ஏ.ஜி. என்னும் மூன்றெழுத்துச் சொல் அளவுக்கு மீறித் திரும்பத் திரும்ப வருவதே அதற்குக் காரணம் என்று 1993இல் கண்டறிந்தனர். மூளை செல்கள் மெல்ல மெல்ல அழிகின்றன. கைகால்கள் தம்மையறியாமல் ஆடுகின்றன. 2021இல் வெளியான ஓர் ஆய்வு, இந்நோயாளிகளிடம் அகன்ற இடைவெளிகள் மிகுதி என்றும், நோயின் கடுமையோடு அவற்றுக்குத் தொடர்பு உண்டு என்றும் கூறியது. வாய்க்கால் அடைபட்டதால் நோய் முற்றியதா, மூளை சுருங்கியதால் வாய்க்கால் அகன்றதா? அதைத்தான் இனிக் கண்டுபிடிக்க வேண்டும்.

இது எங்கோ தொலைதூர நாட்டுச் சங்கதி அன்று. இதே மூன்றெழுத்துச் சொல் வேறொரு மரபணுவில் மிகுந்தால், சிறுமூளை பழுதுபட்டு நடை தள்ளாடும் நோய் வருகிறது. அதில் முதல் வகை, தமிழகத்தின் ஒரு பகுதியில் மிகுதியாகக் காணப்படுவதை 2005இல் மருத்துவர்கள் கட்டுரையாக வெளியிட்டனர்.

ஒரு நாணயத்தைச் சுண்டிப் பாருங்கள். பூவா, தலையா? இவ்விரு நோய்களிலும், தாய் தந்தையரில் ஒருவருக்கு நோய் இருந்தால், பிறக்கும் ஒவ்வொரு குழந்தைக்கும் அது வரும் வாய்ப்பு இதே போல் பாதிக்குப் பாதி. அண்ணனுக்கு வந்ததால் தம்பி தப்பினான் என்ற கணக்கு இல்லை. ஒவ்வொரு முறையும் நாணயம் புதிதாகச் சுண்டப்படுகிறது. இதில் முன்னோர் சாபமும் இல்லை. யார் செய்த பாவமும் இல்லை.

அடுத்த முறை பேருந்து நிலையத்தில் ஒருவர் தள்ளாடி நடந்தால், குடிகாரர் என்று சிரிக்குமுன் சற்றே நில்லுங்கள். அவர் படியேற உங்கள் கை தேவைப்படலாம்.