மாத்திரை போட மறப்பது அலட்சியமா, மூளை பாதிப்பா? எச்.ஐ.வி ஆய்வு சொல்வது என்ன?

"மாத்திரை போட்டாச்சா?" என்று கேட்டால் யோசிக்கிறார். சில்லறை எண்ணும்போது தடுமாறுகிறார். எச்.ஐ.வி-யுடன் வாழும் ஒருவர் இப்படி இருந்தால், 'பொறுப்பே இல்லை' என்று வீட்டில் திட்டு விழும். ஆனால், அது மூளை பாதிப்பின் அறிகுறியாகவும் இருக்கலாம்.

எப்படி?

எச்.ஐ.வி பெரும்பாலும் நரம்பு செல்களுக்குள் போவதில்லை. மூளையிலுள்ள நோய் எதிர்ப்பு செல்களுக்குள் புகுகிறது. அதனால் வரும் அழற்சிதான் நரம்பு செல்களைச் சேதப்படுத்துகிறது.

ஆய்வு என்ன சொல்கிறது?

பெங்களூரு நிம்ஹான்ஸின் நரம்பியல் நிபுணர் பி.சதீஷ்சந்திரா இடம்பெற்ற குழு, தென்னிந்தியாவில் ஏஆர்டி சிகிச்சை தொடங்காத 119 பேரை நரம்பு உளவியல் சோதனைகள் மூலம் ஆராய்ந்தது. முடிவு 2007-ல் வெளியானது. 60.5% பேருக்கு லேசான அல்லது மிதமான குறைபாடு இருந்தது. கடுமையான பாதிப்பு யாருக்கும் இல்லை.

ஏன் கவனிக்கணும்?

மறதியால் மாத்திரை தவறும். தவறினால் வைரஸ் பெருகும். மூளைக்கு மேலும் ஆபத்து. எனவே திட்டுவதைவிட போன் அலாரம், மாத்திரை டப்பா, வீட்டில் ஒருவரின் நினைவூட்டல் உதவும்.

எங்கே போகலாம்?

அரசு மையங்களில் ஏஆர்டி 2004 முதல் இலவசம். பேரையூர் பகுதியினர் மதுரை அரசு ராஜாஜி மருத்துவமனை ஏஆர்டி மையத்தில் மறதியைப் பற்றியும் மறைக்காமல் சொல்லலாம். சந்தேகங்களுக்கு இலவச உதவி எண் 1097.