டேர்போ இயந்திரமும் அதன் இரு குளிரூட்டிகளும்

துவிச்சக்கர வண்டியின் சில்லுக்குக் காற்றடித்தவர்கள் யாவரும் ஓர் உண்மையைக் கையாலேயே தொட்டு அறிந்திருப்பர். சில தடவை அடித்ததும் பம்பின் அடிப்பாகம் சுடத் தொடங்கும். உராய்வு இதற்கு ஒரு சிறு காரணமே. காற்றை அமுக்கினால் அது சூடேறும் என்பதே பெருங்காரணம். இந்த எளிய உண்மைதான் இன்று டேர்போ பொருத்திய கார்களை வைத்திருப்போரைச் செலவுக்கும், சில வேளைகளிற் பெரும் நட்டத்துக்கும் உள்ளாக்கி வருகின்றது.

வீணே வெளியேறும் புகையைக் கொண்டு இயந்திரத்தின் வலுவைப் பெருக்கலாம் என்ற எண்ணத்துக்கு 1905ஆம் ஆண்டில் ஆக்கவுரிமை பெற்றவர் சுவிற்சர்லாந்துப் பொறியியலாளர் அல்பிரட் பூக்கி. புகை ஒரு சிறு சக்கரத்தைச் சுழற்றும். அதே அச்சிலுள்ள மற்றொரு சக்கரம் வெளிக்காற்றை அமுக்கி இயந்திரத்துள் தள்ளும். காற்று மிகுந்தால் எரிபொருளையும் மிகுதியாக எரிக்கலாம். சிறிய இயந்திரம் பெரியதன் வேலையைச் செய்யும் இரகசியம் இதுவே.

ஆயின் அமுக்கிய காற்று எவ்வளவு சூடேறுகின்றது என்பதைச் சற்றே கணக்கிட்டுப் பார்ப்போம். நம் நாட்டின் 30 பாகை வெப்பநிலையுள்ள காற்றை இருமடங்கு அமுக்கத்துக்குக் கொண்டுவரும் டேர்போ, நூற்றுக்கு எழுபது பங்கு திறனுடன் இயங்குவதாகக் கொள்வோம். வெளிவரும் காற்றின் வெப்பநிலை ஏறக்குறைய 125 பாகையாகும். சூடேறிய காற்று விரிவதால், இருமடங்கு கிடைக்க வேண்டிய காற்று ஒன்றரை மடங்குதான் கிடைக்கும். அதனை 50 பாகைக்குக் குளிர்வித்தால் இத்தொகை ஏறத்தாழ ஒன்றே முக்கால் மடங்கையும் தாண்டிவிடும். வேறொரு நன்மையும் உண்டு. பெற்றோல் இயந்திரத்திற் சூடான காற்றுப் புகுந்தால், எரிபொருட்கலவை தன் முறை வருமுன் தானாகவே வெடித்துப் பிஸ்ரனைச் சம்மட்டியால் அடிப்பது போலத் தாக்கும். குளிர்ந்த காற்று இவ்வபாயத்தைக் குறைக்கும். இந்தப் பணிக்கென அமைந்ததே இன்ரர்கூலர். போர்ஷே நிறுவனம் தன் 911 டேர்போ காருக்கு 1978ஆம் ஆண்டு மாதிரியில் இதனைச் சேர்த்தது. இயந்திரத்தின் கொள்ளளவையும் 3.0 லீற்றரிலிருந்து 3.3 லீற்றராக உயர்த்தியது. இவ்விரண்டினாலும் அதன் வலு 260 குதிரைவலுவிலிருந்து 300 ஆகப் பெருகியது.

இவ்வளவும் கேட்ட இளைஞர், பெரிய இன்ரர்கூலர் ஒன்றை வாங்கி முன்பக்கத்திற் பூட்டிவிட்டாற் போதும் என்று எண்ணுவதில் வியப்பில்லை. இங்கேதான் இடர் தொடங்குகின்றது. காரின் முன்வாயிலிற் காற்று நுழையும் இடம் ஒன்றே. அங்கே முன்னால் இன்ரர்கூலரும் பின்னால் றேடியேற்றரும் நிற்கின்றன. முன்னது தன் சூட்டைக் கொடுத்து அனுப்பிய காற்றையே பின்னது பெறுகின்றது. றேடியேற்றரில் ஓடும் நீர் 90 பாகையிலும் வெளிக்காற்று 30 பாகையிலும் இருப்பின் இடைவேறுபாடு 60 பாகை. இன்ரர்கூலரைக் கடந்து வரும் காற்று 45 பாகையாயின் அவ்வேறுபாடு 45 ஆகிவிடும். குளிர்விக்கும் ஆற்றலிற் காற்பங்கு அங்கேயே போய்விட்டது. இதே வேளையில் இயந்திரமோ முன்னிலும் மிகுதியாக எரிபொருளை எரித்து, முன்னிலும் மிகுதியான சூட்டை நீருக்குக் கொடுக்கின்றது. வரவு குறைய, செலவு கூடிய குடும்பத்தின் நிலைதான் அந்த றேடியேற்றருக்கும்.

இவ்வுண்மையை விமானப் பொறியியலாளர் முன்னரே கற்றிருந்தனர். இரண்டாம் உலகப்போரிற் பறந்த அமெரிக்கரின் பி-38 லைற்னிங் விமானத்தில் இன்ரர்கூலர் முதலில் இறக்கையின் முன்விளிம்புக்குள் அமைந்திருந்தது. இயந்திரத்தின் வலு ஏற ஏற அது போதாமற் போயிற்று. 1943இல் வந்த ஜே மாதிரியில் அதனை இயந்திரத்தின் தாடைப் பகுதிக்கு மாற்றினர். அத்துடன் நில்லாது, வாற்பகுதியைத் தாங்கும் இரு கூடுகளிலும் இருந்த றேடியேற்றர்களையும் பெரிதாக்கினர். காற்றைக் குளிர்விக்கும் உறுப்பையும் நீரைக் குளிர்விக்கும் உறுப்பையும் அவர்கள் ஒன்றாகவே திருத்தினர் என்பதை வாசகர்கள் கவனிக்க வேண்டும்.

என் அயலவரான இளைஞர் ஒருவர் தம் சேமிப்பைக் கொண்டு இத்தகைய இன்ரர்கூலர் ஒன்றைப் பூட்டுவித்தார். கொழும்பின் சமதரையில் யாதொரு குறையுமில்லை. கண்டிக்குச் செல்லும் வழியிற் கடுகண்ணாவை ஏற்றத்தில், நீண்ட வாகன வரிசையின் பின்னால் மெதுவாக ஊர்ந்தபோது வெப்பமுள் மேலேறியது. நல்லவேளையாக அவர் உடனே ஓரமாக நிறுத்தி, இயந்திரம் ஆறும்வரை காத்திருந்தார். சற்றுப் பிந்தியிருந்தாற் சிலிண்டர்த் தலை வளைந்து, அதன் கஸ்கற்றும் எரிந்திருக்கும். ஏற்றத்திற் சுமை மிகுதி, வேகம் குறைவு. எதிர்க்காற்றின் உதவி இல்லாத அந்த வேளையில் விசிறியொன்றே துணை.

திரும்பி வந்ததும் அனுபவம் மிக்க ஒரு மெக்கானிக்கிடம் காட்டினோம். புதிய குழாய்களுக்கு இடம் வேண்டி, விசிறியைச் சூழ்ந்திருந்த கூட்டை முன்னர் யாரோ கழற்றி எறிந்திருந்தனர். றேடியேற்றரின் இருபக்கமும் விரலளவு இடைவெளிகள் இருந்தன. அவர் சொன்னார்: "தம்பி, காத்து எப்பவும் லேசான வழியாலைதான் போகும். இந்த இடைவெளியளை அடைக்காமல் எவ்வளவு பெரிசு பூட்டினாலும் அது பக்கத்தாலை போயிடும்." மெல்லிய அலுமினியத் தகட்டால் இடைவெளிகளை அடைத்து, விசிறிக்குக் கூடு அமைத்து, தடித்த அலுமினிய றேடியேற்றர் ஒன்றையும் அவர் பூட்டினார். அடுத்த பயணத்தில் அதே ஏற்றத்தில் நானும் உடனிருந்தேன். முள் அசையவில்லை.

இத்திருத்தத்தை நாடுவோர் சிலவற்றை மனத்திற் கொள்ளவேண்டும். முதலிற் பழைய றேடியேற்றரைச் சோதியுங்கள். தகடுகளுக்கிடையிற் சேறும் பூச்சிகளும் அடைத்திருந்தாற் கழுவுவதே முதல் மருந்து. மூடியையும் புறக்கணிக்கலாகாது. ஒரு வளிமண்டல அளவு மேலதிக அமுக்கத்தை அது தாங்கினால், நீர் 100 பாகையிலன்றி 120 பாகையளவிற்றான் கொதிக்கும். தளர்ந்த மூடி இக்காவலை இழக்கச் செய்யும். தேர்மோஸ்ராற்றைக் கழற்றிவிடுதல் நம்மிடையே வழங்கும் பரிகாரம். அது நோயைத் தீர்க்காது. இயந்திரம் உரிய சூட்டை அடையத் தாமதித்துத் தேய்மானமும் எரிபொருட் செலவும் கூடும். இன்ரர்கூலரும் அளவுக்கு மிஞ்சிப் பெரிதாயிருத்தல் நன்றன்று. அதனையும் நீண்ட குழாய்களையும் காற்று நிரப்பும்வரை, மிதித்த கால் வலுவுக்குக் காத்திருக்க நேரும்.

கடைக்காரர் இன்ரர்கூலர் தரும் வலுவைப் பற்றி நிறையவே கூறுவார். அவ்வலுவால் எழும் சூடு எவ்வழியாக வெளியேறும் என்பதை வாங்குபவர் கேட்கவேண்டும். அதற்குத் தக்க விடை கிடைக்குமுன் பணப்பையைத் திறவாதிருத்தல், இயந்திரத்துக்கும் குடும்பத்துக்கும் நன்று.